பேப்பர் கிளியர்னு சொன்னாங்க, இரும்பைப் பாத்தீங்களா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி பையன் போன் பண்ணான். "மாமா, யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் ஒண்ணு கிடைச்சிருக்கு, நாப்பத்தஞ்சாயிரத்துக்கே தர்றாங்களாம், நீங்க வந்து ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா அட்வான்ஸ் குடுத்துடலாம்"னான். எனக்கு அப்பவே வயித்துல ஏதோ பண்ணுச்சு. 1985ல வந்து 1996லயே நின்னு போன வண்டி, நல்லா இருக்கறது இன்னைக்கு பெங்களூர்ல ஒரு லட்சத்துக்கு மேல போகுது, அதை யாரு பாதி விலைக்கும் கம்மியா குடுப்பாங்க?

சரி போய்ப் பாப்போம்னு அல்சூர்ல நம்ம மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கிட்டு லிங்கராஜபுரம் போனோம். வண்டி முதல் கிக்லயே ஸ்டார்ட் ஆச்சு, சத்தம் அருமையா இருந்துச்சு, பையன் முகத்தைப் பாத்தாலே தெரியுது மனசளவுல வாங்கிட்டான்னு. ஆர்.சி. கார்டு இருக்கு, இன்சூரன்ஸ் அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு, ஹெச்.எஸ்.ஆர்.பி.ங்கற புது ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட் இருக்கு, வண்டி விவரம் காட்டற ஆப்ல நம்பர் போட்டா யமஹான்னு காட்டுது. "பேப்பர் எல்லாம் கிளியர் சார், நாலு வருஷமா ஓடுது, யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல"ன்னாரு விக்கறவரு.

மெக்கானிக் அண்ணன் ஒண்ணும் பேசல. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு வச்சுட்டு, துணில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, டேங்குக்கு முன்னாடி ஹேண்டில் வந்து சேர்ற அந்த நெக் குழாயை நல்லா துடைச்சாரு. அதுக்கு மேல மெல்லிசு பேப்பரை வச்சு பென்சிலைப் படுக்கப் போட்டு தேச்சாரு. ஃபிரேம்ல அடிச்சிருக்கற சேசிஸ் நம்பர் மெதுவா எழும்பி வந்துச்சு. மத்த எழுத்தெல்லாம் ஒரே உயரம், நடுவுல ஒரு 3ம் ஒரு 8ம் மட்டும் கொஞ்சம் பெருசு, அந்த 8 லேசா சாஞ்சு நிக்குது. "விரலை வச்சுப் பாரு"ன்னாரு. வச்சேன். குழாய் உருண்டையா இருக்க வேண்டிய எடத்துல தட்டையா, ஒரு சின்ன பள்ளம் மாதிரி வழவழன்னு இருந்துச்சு. யாரோ கிரைண்டிங் வீல் போட்டு எறக்கி இருக்காங்க.

"பெயின்ட் அடிக்கறப்போ ஏதாவது ஆகி இருக்கும் சார்"னு விக்கறவரு சொன்னாரு. அது நடக்காது. பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ நம்பரை மூடும், அழிக்காது, பெயின்டை எடுத்தா நம்பர் திரும்ப வெளிய வரும். இரும்புல அடிச்ச எழுத்து ரெண்டு மட்டும் சைஸ் மாறிப் போகாது.

இதைத்தான் இங்க விளக்கமா சொல்லணும்னு நினைச்சேன், ஏன்னா நம்ம பசங்க நிறைய பேரு ஆப்ல பச்சையா வந்துட்டா வண்டி சுத்தம்னு நம்பிடறாங்க. ஆப் காட்டறது ஆர்.சி.யோட விவரம். இன்சூரன்ஸ் ஆன்லைன்ல ரினியூ பண்றப்போ நாம டைப் பண்றது ஆர்.சி.ல இருக்கற நம்பர். ஹெச்.எஸ்.ஆர்.பி. பிளேட் புக் பண்றப்போ கேக்கறதும் அதே நம்பர். ஆக மூணு பேப்பரும் ஒண்ணை ஒண்ணு பாத்து சரின்னு சொல்லுது, இதுல எந்த எடத்துலயும் ஒரு மனுஷன் குனிஞ்சு அந்த இரும்பைப் படிக்கல. நாலு வருஷமா யாரும் கேள்வி கேக்கலைன்னு அவரு சொன்னது உண்மையாவே இருக்கலாம், கேக்க வேண்டிய சந்தர்ப்பம் வரல, அவ்வளவுதான்.

அந்த சந்தர்ப்பம் எப்ப வரும்? பெரும்பாலும் மூணு எடத்துல. ஒண்ணு, 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. ரினியூவல், அப்ப வண்டிய ஆர்.டி.ஓ.வுக்கு ஓட்டிட்டுப் போய் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்தணும், அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அதே வேலை. ரெண்டு, வேற ஸ்டேட்டுக்கு மாத்தி புது நம்பர் வாங்கறப்போ. மூணு, போலீஸ் எதுக்காவது வண்டிய பிடிச்சா. நாங்க பாத்த வண்டியோட ஆர்.சி. வேலிடிட்டி இன்னும் நாலு மாசம்தான் இருந்துச்சு. விலை ஏன் நாப்பத்தஞ்சுன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

ஒரு வண்டிக்கு மூணு அடையாளம் இருக்கு. நம்பர் பிளேட், அதைக் கழட்டி மாட்ட ரெண்டு ஸ்க்ரூ போதும். இன்ஜின் நம்பர், அது இன்ஜினோட வெளிக்கூடான கிராங்க்கேஸ்ல இருக்கும். சேசிஸ் நம்பர், அது ஃபிரேம்லயே அடிச்சது. நடைமுறைல வண்டியோட முக்கிய அடையாளமாப் பாக்கறது கடைசில சொன்ன அந்த ஃபிரேமைத்தான், மத்ததெல்லாம் அதுல மாட்டின பொருள் மாதிரி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல விதி 122 இந்த நம்பரெல்லாம் வண்டில அடிச்சிருக்கணும்னு சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் 1988ல பிரிவு 55 இன்னும் கடுமை, வண்டில அடிச்சிருக்கற இன்ஜின் நம்பரோ சேசிஸ் நம்பரோ ஆர்.சி.யோட ஒத்துப் போகலைன்னா, ஓனர் தரப்பைக் கேட்டுட்டு ரிஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணலாம். அதனால "ஆர்.சி. ஒரிஜினல்தானே"ங்கற வாதம் அங்க எடுபடாது.

இப்ப வர்ற வண்டிகள்ல சேசிஸ் நம்பர் 17 எழுத்து. அதுல ஐ, ஓ, க்யூ இந்த மூணு இங்கிலீஷ் எழுத்தும் வரவே வராது, 1, 0னு குழம்பிடக் கூடாதுன்னு விட்டுட்டாங்க. முதல் மூணு எழுத்து எந்த கம்பெனின்னு சொல்லும், ஹீரோன்னா எம்.பி.எல்., பஜாஜ்னா எம்.டி.2, டி.வி.எஸ்.னா எம்.டி.6, ராயல் என்ஃபீல்டுன்னா எம்.இ.3, ஹோண்டான்னா எம்.இ.4. பல்சர்னு சொல்லி விக்கற வண்டில வேற கம்பெனியோட எழுத்து இருந்தா அதுக்கு மேல பேசவே வேணாம். அப்புறம் புது வண்டிகள்ல நிறைய எழுத்து புள்ளி புள்ளியா மெஷின் குத்தினது, அதுல கையால பஞ்ச் அடிச்சா கோடு கோடா வரும், பாத்தவுடனே தெரியும். பழைய புல்லட், யெஸ்டில கம்பெனிலயே கையால அடிச்சது உண்டு, லேசா கோணலா இருக்கறதை மட்டும் வச்சு அதை திருட்டு வண்டின்னு சொல்லிட முடியாது. அங்க பாக்க வேண்டியது கோணலை விட அந்தப் பள்ளம், ராவின தடம், அந்த ஒரு எடத்துல மட்டும் இருக்கற புதுப் பெயின்ட்.

எப்படி இந்த மாதிரி வண்டி உருவாகுதுன்னா, ஆக்சிடென்ட்ல நொறுங்கின வண்டி, ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டிடுச்சுன்னா கம்பெனி அதை டோட்டல் லாஸ்னு முடிச்சிடும், அந்த இரும்பு ஸ்க்ராப்பா யாரு கைக்கோ போகும். இரும்போட சில சமயம் ஆர்.சி.யும் போகும். இரும்புக்கு வெறும் எடை விலைதான், ஆனா அந்த ஆர்.சி.க்கு வெளிய தனி விலை இருக்கு. அதே மாடல்ல ஒரு திருட்டு வண்டி கிடைச்சா, அதோட நம்பரை ராவிட்டு செத்த வண்டியோட நம்பரை அடிச்சா முடிஞ்சுது. ஆர்.சி. அசல், வண்டி அசல், ரெண்டுக்கும் சம்பந்தம் மட்டும் கிடையாது. ஆப்ல திருட்டுன்னும் காட்டாது, ஏன்னா திருட்டு போனதா எழுதி இருக்கறது பழைய நம்பர்.

இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, ஆர்.சி.ல இருக்கற தயாரிப்பு வருஷத்தையும் வண்டில இருக்கற சாமானையும் ஒத்துப் பாக்கறது. 2017 ஏப்ரல்ல இருந்து வந்த வண்டிகள்ல ஹெட்லைட் ஆஃப் பண்ற சுவிட்சே கிடையாது, இன்ஜின் ஓடினா லைட்டும் எரியும். 2019 ஏப்ரல்ல இருந்து ஏ.பி.எஸ்., சி.பி.எஸ்.ங்கற பிரேக் வசதில ஒண்ணாவது இல்லாம புது வண்டி வரல. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6ங்கற புகை விதி வந்துச்சு, அதோட ஸ்ப்ளெண்டர் கார்புரேட்டரை விட்டுட்டு ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிடுச்சு. 2015 ஆர்.சி. வச்சுக்கிட்டு இன்ஜெக்ஷன் ஸ்ப்ளெண்டர் ஒண்ணு நிக்குதுன்னா அந்தப் பேப்பர் வேற வண்டியோடது. சந்தேகமா இருந்தா அந்தந்த கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சேசிஸ் நம்பரைக் குடுத்து எந்த மாடல், எந்த கலர்ல வெளிய போச்சுன்னு கேட்டுப் பாருங்க.

அதே மாதிரி என்.சி.ஆர்.பி., அதாவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நடத்தற டிஜிட்டல் போலீஸ் தளத்துல வண்டிக்கு என்.ஓ.சி.ங்கற தடையில்லாச் சான்று எடுக்கற வசதி இருக்கு, ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், சேசிஸ், இன்ஜின் மூணையும் போட்டா போலீஸ் ரெகார்டுல இருக்கான்னு சொல்லும். அங்க ஆர்.சி.யப் பாத்து டைப் பண்ணாதீங்க. உங்க பென்சில் பிரிண்ட்டைப் பாத்து டைப் பண்ணுங்க.

சேசிஸ் நம்பரே இல்லாம வழவழன்னு இருந்தா? இன்ஜின் நம்பர் இல்லாததுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கலாம், கிராங்க்கேஸ் உடைஞ்சு புதுசு போட்டா ஸ்பேர்ல வர்றது வெறுமையாத்தான் வரும், அதுக்கு பில்லும் ஆர்.டி.ஓ. அனுமதியும் இருந்தா பேசலாம். ஃபிரேம்ல நம்பர் இல்லைன்னா அப்படி காரணம் சொல்றது ரொம்பக் கஷ்டம். துருப்பிடிச்சு உண்மையிலயே அரிச்சுப் போன வண்டிக்கு ஆர்.டி.ஓ. பாத்து, அனுமதி குடுத்து, ரீபஞ்ச் பண்ணி, அதைப் பதிவுலயும் ஏத்தற வழி இருக்கு. அந்த வேலைய பழைய ஓனர் முடிச்சுட்டு விக்கட்டும். "நீங்க வாங்கினப்புறம் நான் பண்ணித் தர்றேன்"னா வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க.

ராவினா நம்பர் போயிடும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம். இரும்புல பஞ்ச் அடிக்கறப்போ எழுத்தோட பள்ளத்துக்கு அடியிலயும் உலோகம் அழுந்தி இறுகிடுது. மேல ராவினாலும் அந்த இறுகின பகுதி கீழ இருக்கும். ஃபாரன்சிக் லேப்ல அந்த எடத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் கலந்த ஒரு கரைசலைத் தடவுவாங்க, இறுகின இரும்பும் சாதா இரும்பும் வேற வேற மாதிரி அரிக்கறதுனால பழைய நம்பர் நிழல் மாதிரி எழும்பி வரும். நம்ம மடிவாளாலயே ஸ்டேட் ஃபாரன்சிக் லேப் இருக்கு. ரொம்ப ஆழமா ராவி இருந்தா வராது, ஆனா பல தடவை வந்துடும். அப்படி வர்ற நாளைக்கு வண்டி யாரு வீட்டு வாசல்ல நிக்குதோ அவங்கதான் முதல்ல பதில் சொல்லணும்.

"நான் காசு குடுத்து, தெரியாமத்தானே வாங்கினேன்"ங்கறது மனசுக்கு நியாயமாப் படும். ஆனா 1930ல வந்த பொருள் விற்பனைச் சட்டம் பிரிவு 27 என்ன சொல்லுதுன்னா, விக்கறவனுக்கு அந்தப் பொருள்ல இருக்கற உரிமைதான் வாங்கறவனுக்கு வரும், அதுக்கு மேல வராது. திருடனுக்கு உரிமையே இல்ல, அதனால பத்து கை மாறினாலும் பத்தாவது ஆளுக்கும் இல்ல. வண்டி உண்மையான ஓனருக்குப் போகும், அவருக்கு ஏற்கனவே இன்சூரன்ஸ் க்ளெய்ம் கிடைச்சிருந்தா இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும், ஏன்னா க்ளெய்ம் வாங்கறப்போ அவரு உரிமைய எழுதிக் குடுத்திருப்பாரு. திருட்டுன்னு தெரிஞ்சோ, சந்தேகப்பட காரணம் இருந்தோ வாங்கினா அது தனி குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல பிரிவு 411, இப்ப 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. பாதி விலைக்கு, ராவின நம்பரோட வாங்கினவரு எனக்கு சந்தேகமே வரலைன்னு ஸ்டேஷன்ல சொன்னா எத்தனை பேரு நம்புவாங்கன்னு நீங்களே யோசிங்க.

உங்க காசைத் திருப்பிக் கேக்க வேண்டியது வித்தவர்கிட்ட. அதே சட்டம் பிரிவு 14, விக்கறவனுக்கு விக்க உரிமை இருக்குன்னு எடுத்துக்கணும்னு சொல்லுது, அது இல்லைன்னா பணத்தைத் திருப்பிக் கேக்கலாம். ஆனா கேஷா குடுத்துட்டு, அவரோட ஐ.டி. காப்பி கூட வாங்காம, டெலிவரி நோட் எழுதாம வந்துட்டா யாரைத் தேடிப் போவீங்க? நான் யாரு வாங்கினாலும் பேங்க் வழியாவோ யு.பி.ஐ.லயோ குடுங்கன்னு சண்டை போடறது இதுக்குத்தான்.

நம்பர் சுத்தமா இருந்து பேப்பர்ல மட்டும் சிக்கல் இருக்கற வண்டிங்க வேற ரகம், அதுல பலதை சரி பண்ணலாம், பொறுமை வேணும். ரொம்ப சகஜமானது ஓப்பன் ஃபார்ம். அதாவது முதல் ஓனர் பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30ல வெறும் கையெழுத்தைப் போட்டுக் குடுத்திருப்பாரு, நடுவுல நாலு பேரு பேர் மாத்தாமலே ஓட்டிட்டு அந்த ஃபார்மை அடுத்தவன் கைல குடுத்திருப்பாங்க. இப்ப ஆன்லைன்ல போட்டா ஓ.டி.பி. ஆர்.சி.ல பேர் இருக்கற அந்த முதல் ஆளோட போனுக்குப் போகும், அவரு ஊரை விட்டே போயிருப்பாரு. அவருக்கும் ஆபத்துதான் இது. 2018ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல தெளிவா சொல்லிடுச்சு, வண்டி எத்தனை கை மாறி இருந்தாலும் ரெகார்டுல யாரு பேரோ அவங்கதான் ஓனர், ஆக்சிடென்ட் நஷ்ட ஈடும் அவங்க தலைலதான்னு. அதனால விக்கறவங்களும் பேர் மாறற வரைக்கும் விடாதீங்க. அதே ஸ்டேட்டுக்குள்ளன்னா வித்தவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள. 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி விக்கற டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கணும்னு விதி இருக்கு, அந்த மாதிரி டீலர்கிட்ட வண்டிய ஒப்படைச்சதை ஆன்லைன்ல தெரிவிச்சுட்டா வண்டி அங்க நிக்கற வரைக்கும் பொறுப்பு அவங்களோடது.

பெங்களூர்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு அடிக்கடி வர்றது டி.என்., அதாவது தமிழ்நாட்டு நம்பர் வண்டி. ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்னு சொந்தக்காரங்ககிட்ட வாங்கிட்டு வந்து இங்க வருஷக்கணக்கா ஓட்டறது. 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா கே.ஏ., அதாவது கர்நாடகா நம்பர் வாங்கணும்னு சட்டம் சொல்லுது, அதுக்கு அங்க இருந்து ஃபார்ம் 28 என்.ஓ.சி., இங்க மறுபடி வரி. அங்க ஃபைன் பாக்கி இருந்தாலோ, லோன் முடிஞ்சும் ஃபார்ம் 35 குடுத்து ஆர்.சி.ல இருக்கற ஹைப்போதிகேஷன்ங்கற லோன் பதிவை எடுக்கலைன்னாலோ என்.ஓ.சி. நின்னுடும். வாங்கறதுக்கு முன்னாடியே இந்த ரெண்டையும் பாருங்க.

தாத்தா, அப்பா வச்சிருந்த புல்லட், செத்துப் போனவங்க பேர்லயே நிக்கற வண்டி, இதுக்கு ஃபார்ம் 31. டெத் சர்டிபிகேட், நாடகச்சேரிங்கற வருவாய்த்துறை ஆபீஸ்ல வாங்கற வம்சவிருட்சம், அதாவது குடும்பத்துல யாரு யாருன்னு காட்டற சர்டிபிகேட், மத்த வாரிசுகளோட சம்மதம் எல்லாம் வேணும். ஒரு பையன் மட்டும் கையெழுத்துப் போட்டு வித்தா, அக்கா தங்கச்சி நாளைக்கு வந்து கேக்கலாம், கேக்கறதுல நியாயமும் இருக்கு. இந்த மாதிரி பழைய வண்டிங்க சிலது கம்ப்யூட்டர்ல ஏறாமயே இருக்கும், பழைய ஆர்.சி. புக்கை எடுத்துக்கிட்டு அது ரிஜிஸ்டர் ஆன ஆர்.டி.ஓ.வுக்கே போய் ஏத்தச் சொல்லணும். ஸ்டேஷன் ஏலத்துல எடுத்த வண்டின்னா ஏலப் பேப்பரை வரி வரியா படிங்க, ஓட்டறதுக்குன்னு வித்ததா, ஸ்க்ராப்னு வித்ததா. ஸ்க்ராப்னு போட்டிருந்தா அதுக்கு ஆர்.சி. கிடைக்கும்னு எவர் சொன்னாலும் நம்பாதீங்க.

ஏற்கனவே இந்த மாதிரி ராவின வண்டிய வாங்கிட்டவங்களுக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், டெலிவரி வேலைக்குன்னு வட்டிக்கு வாங்கி 38,000 குடுத்து வண்டி எடுத்தாரு, ஆறு மாசத்துல செக்கிங்ல மாட்டி வண்டி ஸ்டேஷன்ல நிக்குது. வேலையும் போச்சு, வட்டி இன்னும் கட்டறாரு. அவரு திருடல, யாரையும் ஏமாத்தல. அவரை நினைச்சுத்தான் இவ்வளவு எழுதறேன். அப்படி யாராவது இருந்தா, தயவு செஞ்சு வண்டிய இன்னொருத்தர் தலைல கட்டிடாதீங்க, தெரிஞ்சே வித்தீங்கன்னா அந்த நிமிஷத்துல இருந்து ஏமாத்தினது நீங்க. நம்பரை நீங்களா தொட்டு சரி பண்ணவும் பண்ணாதீங்க. பணம் குடுத்த ஆதாரம், சாட் மெசேஜ், வித்தவர் போன் நம்பர் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு ஒரு வக்கீலைப் பாத்துட்டு, அவரோட சேர்ந்து ஸ்டேஷன்ல எழுத்துல குடுத்து, அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க. அவங்க பிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களா போனதுக்கு கோர்ட்ல மதிப்பு இருக்கும்.

தங்கச்சி பையன் அன்னைக்கு திரும்பி வர்ற வழியெல்லாம் பேசவே இல்ல. வீட்டு வாசல்ல எறங்கறப்போ அந்த பென்சில் பிரிண்ட்டைக் கேட்டான், குடுத்தேன். இப்ப அதை பர்ஸ்ல வச்சிருக்கான், கூடவே ஒரு பென்சிலும். போன வாரம் கே.ஆர். புரத்துல ஒரு ஸ்ப்ளெண்டர் பாத்துட்டு எனக்கு போட்டோ அனுப்பினான். வண்டியோட போட்டோ இல்ல, நெக்ல இருந்து தேச்ச பிரிண்ட். 17 எழுத்தும் ஒரே சைஸ்ல இருந்துச்சு.